மணமும் பணியும்

சென்னைக் கடற்கரைச் சாலையில் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி வருவோர் முதலில் பல்கலைக்கழகத்தைக் காண்பர். அடுத்து மாநிலக் கல்லூரி. அதற்கும் தெற்கே இராணி மேரிக் கல்லூரி. இன்னும் சிறிது தூரம் மயிலாப்பூர்ப் பக்கமாக நடந்தால் வானொலி நிலையமே வந்துவிடும். இராணி மேரிக் கல்லூரி 1914-ஆம் ஆண்டில் தோன்றியது. மறு ஆண்டில் நுங்கம்பாக்கத்துக்குரிய பெண்கள் கிறித்துவக் கல்லூரி தொடங்கிற்று. 1947-இல் சாந்தோமில் ஸ்டெல்லா மேரீஸ் கல்லூரியும், அதற்கு அடுத்த ஆண்டில் எத்திராஜ் கல்லூரியும் பிறந்தன. ஆக, நாடு விடுதலை பெற்ற காலத்தில், பட்டம் பெற்ற பெண்களை ஆண்டுதோறும் வெளியே அனுப்பும் நகரமாகச் சென்னை விளங்கியது. அவர்களை ஏற்றுக்கொள்ளும் அலுவலகங்களின் வாயிலில் மட்டும் ஒரு விதி காத்திருந்தது. மணம் செய்துகொண்டால் வேலையை விட்டு விலகிவிட வேண்டும் என்பதே அவ்விதி. ஆண்களுக்கு அது கிடையாது.

இவ்விதி நம் நாட்டு மண்ணில் முளைத்ததன்று. ஆங்கிலேயரின் அலுவலகங்களில் நெடுங்காலம் வழங்கிய வழக்கம் அது. பால் வேறுபாடோ மணமோ ஒருவரைப் பொதுப் பணிக்குத் தகுதியற்றவராக்காது என்று பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1919-லேயே சட்டம் செய்தது. ஆயினும் அந்நாட்டுச் சிவில் உத்தியோகத்தில் மணமான பெண்களுக்கு இருந்த தடை 1946 வரை நீங்கவில்லை. அயர்லாந்தின் அரசுப் பணியில் அது 1973 வரை நின்றது. சட்டம் ஒன்று சொல்ல, அலுவலக விதி வேறொன்று சொல்லி, இரண்டும் பல்லாண்டுகள் அருகருகே வாழ முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. இதே நிலையை நம் நாட்டிலும் காண்போம்.

1950 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவு, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது. 16-ஆம் பிரிவு, அரசுப் பணிகளில் அனைவர்க்கும் சம வாய்ப்பு உண்டு என்றும், பால் வேறுபாடு காரணமாக எவரையும் ஒதுக்கலாகாது என்றும் விளங்கச் சொல்கிறது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே அப்பிரிவு ஒரு சோதனையைச் சந்தித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்ற அன்னா ராஜம் ஜார்ஜ் என்னும் பெண்மணி ஐ.ஏ.எஸ். தேர்வில் வெற்றி பெற்றார். அதற்கு முன் எந்தப் பெண்ணும் அப்பணியில் இருந்ததில்லை. நேர்முகத் தேர்வு நடத்திய குழுவினர், வெளிநாட்டுப் பணியோ மத்திய அரசின் வேறு பணியோ பெண்ணுக்கு ஏற்றது என்று அவருக்கு எடுத்துரைத்தனர். அவர் இணங்கவில்லை, சென்னை இராஜ்யத்தையே தேர்ந்துகொண்டார். அவருக்கு வந்த நியமன ஆணையில், மணம் செய்துகொண்டால் பணி முடிவுறும் என்ற வாசகம் இருந்தது.

அப்போது சென்னையில் முதலமைச்சராக இருந்தவர் இராஜாஜி. மாவட்ட நிர்வாகத்தில், சட்டம் ஒழுங்கைக் காக்கும் பொறுப்பில், ஒரு பெண்ணை அமர்த்த அவர் தயங்கினார்; தலைமைச் செயலகத்தில் ஒரு பதவி தரலாம் என்றார். ஆண் அதிகாரிகளுக்குள்ள வாய்ப்பையே தாமும் கேட்பதாக அன்னா ராஜம் வாதிட்டு, சப்-கலெக்டர் பொறுப்பைப் பெற்றார். அவர் வழக்குத் தொடரவில்லை, வாதத்தால் வென்றார். ஆனால் வாதத்தால் பெறும் வெற்றி பெரும்பாலும் ஒருவருக்கே உரியதாக நின்றுவிடுகிறது. விதியின் கதை வேறு. 1954-இல் வகுக்கப்பட்ட ஐ.ஏ.எஸ். சேர்ப்பு விதிகளில், பணியின் திறன் கருதி வேண்டியிருந்தால் மணம் செய்துகொண்ட பெண் அதிகாரியை விலகுமாறு அரசாங்கம் கேட்கலாம் என்று, சற்றுத் தளர்ந்த உருவில் அது உயிரோடிருந்தது.

இனி, நீதிமன்றத்தின் கதைக்கு வருவோம். உழைப்பவர்க்கு நீதிமன்றம் எப்போதும் புகலிடமாக இருந்ததில்லை என்பதை முதலில் நினைவுகூர வேண்டும். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோது அதன் தலைவராக இருந்தவர் பி. பி. வாடியா. அவர் அடையாற்றுத் தியாசபிகல் சங்கத்தைச் சேர்ந்தவர். பெரம்பூர் பக்கிங்காம் ஆலையில் 1920-இன் இறுதியில் நிகழ்ந்த கதவடைப்பின்போது, ஆலையை நடத்திய பின்னி கம்பெனியார் வாடியாமீதும் சங்கத்தார் சிலர்மீதும் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினர் என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றம் சங்கத்தாருக்கு எதிராகத் தடையுத்தரவு பிறப்பித்தது. தொழிலாளிக்காகப் பேசுவதே சட்டவிரோதமாகக் கூடும் என்று நாடு அதிர்ந்தது. அவ்வதிர்ச்சியின் பயனாக எழுந்த கிளர்ச்சியே 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிகோலிற்று. தோற்றுப்போன ஒரு வழக்கு ஒரு சட்டத்தைப் பெற்றெடுத்தது என்று சொல்லலாம்.

அவ்வாறு சட்டப் பாதுகாப்புப் பெற்ற சங்கங்களுக்கு, 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் ஒரு புதிய கருவியைத் தந்தது. தனியார் முதலாளி வகுத்த பணி விதி நியாயமானதா என்று கேட்கும் உரிமை அது. அக்கருவியைக் கொண்டுதான் மண விதி முதன்முதலில் உச்சநீதிமன்றத்துக்கு இழுத்துவரப்பட்டது. பம்பாயில் இண்டர்நேஷனல் ஃபிராஞ்சைசஸ் என்னும் மருந்து நிறுவனத்தில், மருந்தைப் புட்டியிலிட்டுக் கட்டும் பகுதியில் மணமாகாத பெண்களையே வைத்திருந்தனர். மணமானவுடன் வேலை போய்விடும். பம்பாய்த் தொழிலாளர் சங்கம் இதனை எதிர்த்தது. நிறுவனத்தார் கூறிய காரணம் யாது? அப்பெண்கள் குழுவாக வேலை செய்கின்றனர். ஒருவர் வராவிட்டால் மற்றவர் வேலையும் கெடும். மணமான பெண்கள் அடிக்கடி வாராதிருப்பர் என்பது. 1965 அக்டோபரில் நீதிமன்றம் இக்காரணத்தை ஏற்க மறுத்தது. மணமாகாதவரும் விடுப்பு எடுப்பதுண்டு. கைம்பெண்கள் நிலையும் அவ்வாறே. மணமானவர் மட்டும் வருகையில் குறைந்தவர் என்று காட்ட ஆதாரம் இல்லை. மகப்பேற்று விடுப்புக்கு முன்கூட்டியே ஆள் ஏற்பாடு செய்து கொள்ளலாம். நிறுவனத்தார் ஒரு சாமர்த்தியமான வாதமும் செய்தனர்: ஐ.ஏ.எஸ். விதியிலேயே இது இருக்கிறதே என்றனர். அரசாங்க விதி திறன் குறையும்போது மட்டும் விலகச் சொல்ல இடந்தருகிறது. உங்கள் விதியோ விசாரணையின்றி எல்லாரையும் வெளியேற்றுகிறது என்று நீதிமன்றம் விடை கூறிற்று.

அரசாங்கத்தின் விதியையே தனியார் முதலாளி தமக்குக் கேடயமாகக் காட்டியது சிந்தித்தற்குரியது. அக்கேடயம் உடைய இன்னும் பதினான்கு ஆண்டுகள் ஆயின. அதனை உடைத்தவர் சென்னையில் படித்த மற்றொரு பெண்மணி.

குடகு நாட்டு விராஜ்பேட்டையில் 1924-இல் பிறந்தவர் சி. பி. முத்தம்மா. ஒன்பது வயதில் தந்தையை இழந்தவர். பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் கடற்கரையிலுள்ள மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1948-இல் குடிமைப் பணித் தேர்வில் தேறி, 1949-இல் இந்திய வெளிநாட்டுப் பணியில் சேர்ந்தார். அப்பணியில் முதற்பெண் அவரே. சேரும்போதே, மணம் செய்துகொண்டால் விலகிவிடுவேன் என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டியிருந்தது. 1961-இல் வகுக்கப்பட்ட விதிகளோ இன்னும் கடுமையாயின. ஒரு விதியின்படி, பெண் அதிகாரி மணம் செய்யுமுன் அரசாங்கத்தின் எழுத்து மூலமான அனுமதியைப் பெற வேண்டும். குடும்பக் கடமைகள் பணியைத் தடுக்கும் என்று அரசாங்கம் கருதினால் விலகவும் வேண்டும். மற்றொரு விதி, மணமான பெண் எவரும் அப்பணிக்கு உரிமையாக நியமனம் கோர இயலாது என்றது. அப்பணியிலிருந்த ஆண்கள் மணம் செய்துகொள்ள எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. வெளிநாடு செல்லும் அதிகாரிக்கு மனைவி ஒரு துணை என்றே கருதப்பட்டது!

1970-இல் ஹங்கேரி நாட்டுக்குத் தூதராக முத்தம்மா நியமிக்கப்பட்டார். அப்பணியிலிருந்தே உயர்ந்து தூதரான முதற்பெண் அவர். பின்னர் கானாவுக்கும் தூதரானார். ஆயினும் உயர்நிலைப் பதவிக்கு உரிய காலத்தில் அவர் ஒதுக்கப்பட்டு, அவருக்கு இளையவர்கள் மேலே சென்றனர். அவருடைய தகுதி போதாது என்பது அரசாங்கத்தின் விளக்கம். அவர் அரசியலமைப்பின் 32-ஆம் பிரிவின்படி நேரே உச்சநீதிமன்றத்தை அணுகினார். பணியில் சேருமுன்னரே தம்மைச் சேரவிடாது தடுக்கத் தேர்வாணையத் தலைவர் முயன்றார் என்றும், நேர்முகத் தேர்வில் தமக்கு மிகக் குறைந்த மதிப்பெண் வழங்கச் செய்ததை அவரே பின்னொரு சமயம் தம்மிடம் கூறினார் என்றும் தம் மனுவில் முத்தம்மா எடுத்துரைத்தார். முப்பதாண்டுகளாக மனத்தில் கிடந்த செய்தி நீதிமன்ற ஏட்டில் ஏறியது.

வழக்கை விசாரித்தவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டில் பிறந்து, சென்னைச் சட்டக் கல்லூரியில் பயின்றவர். 1979 செப்டம்பர் 17-இல் வெளிவந்த தீர்ப்பின் முடிவு மாணவர்களுக்கு வியப்பாகத் தோன்றலாம்: மனு தள்ளுபடி செய்யப்பட்டது. ஏன்? வழக்கு நடைபெறும்போதே அரசாங்கம் முத்தம்மாவுக்குப் பதவி உயர்வு அளித்துவிட்டது; அவர் ஹேக் நகரில் தூதராக அமர்ந்திருந்தார். மணமான பெண்ணுக்கு நியமன உரிமையை மறுத்த விதி நீக்கப்பட்டுவிட்டது என்றும், அனுமதி கேட்கும் விதியும் நீக்கப்பட இருக்கிறது என்றும் அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் தெரிவித்தார். கேட்டது கிடைத்துவிட்டபின் ஆணையிடுவதற்கு என்ன இருக்கிறது?

ஆனால் நீதிபதி அவ்வளவில் நிறுத்திக்கொள்ளவில்லை. மனுவைத் தள்ளினாலும் பிரச்சினையைத் தள்ளவில்லை என்ற கருத்தைத் தீர்ப்பில் பதித்தார். குடும்பக் கவலை பெண் அதிகாரியின் கடமைக்கு இடையூறாகும் என்றால் ஆண் அதிகாரிக்கும் அவ்வாறே ஆகலாமன்றோ என்று கேட்டார். முத்தம்மாவின் பணி மூப்பை மறுபடி ஆராயும்படியும், எல்லாப் பணி விதிகளையும் துருவிப் பார்த்துப் பால் வேறுபாட்டின் கறையை அகற்றும்படியும் அரசாங்கத்துக்கு உரைத்தார். கூடவே ஓர் எச்சரிக்கையும் வைத்தார்: ஆணும் பெண்ணும் எல்லா வேலைகளிலும் எல்லாச் சூழலிலும் ஒன்றே என்று தாம் கூறவில்லை, சில வேலைகளின் தன்மை வேறுபாட்டை வேண்டலாம், அந்நிலை காட்டப்பட்டாலன்றிச் சமத்துவமே ஆள வேண்டும் என்றார்.

அந்தச் சிறு கதவின் வழியே எவ்வளவு பெரிய பொருள் நுழைய முடியும் என்பது இரண்டு ஆண்டுகளில் தெரிந்தது. ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் தங்கள் விதிகளை எதிர்த்து நீதிமன்றம் ஏறினர். முப்பத்தைந்து வயதில் ஓய்வு. பணியேற்ற நான்கு ஆண்டுகளுக்குள் மணம் செய்தால் வேலை நீங்கும். முதல் கருவுற்றாலும் வேலை நீங்கும். அதே விமானத்தில் வேலை செய்த ஆண்கள் 58 வயது வரை பணியாற்றினர். நெர்கேஷ் மீர்சா வழக்கு என்று பெயர்பெற்ற இதில் 1981 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. கருவுற்றால் நீக்கும் விதியை நீதிமன்றம் கடுஞ்சொற்களால் கண்டித்து ஒழித்தது. முப்பத்தைந்துக்கு மேல் யாரைத் தொடர விடுவது என்பதை நிர்வாக இயக்குநர் தம் விருப்பம்போல் தீர்மானிக்கலாம் என்ற அதிகாரத்தையும் நீக்கியது. ஆனால் நான்கு ஆண்டு மணத் தடையை ஏற்றுக்கொண்டது. பணிப்பெண்கள் தனி வகுப்பினர், ஆண்களோடு ஒப்பிட இயலாது என்பது ஒரு காரணம். குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு இத்தடை உதவும் என்பது மற்றொரு காரணம். பின்னது எனக்கு என்றுமே பொருந்திய நியாயமாகத் தோன்றியதில்லை. நாட்டின் மக்கள்தொகைக் கவலையை ஒரு விமானப் பணிப்பெண்ணின் சம்பளச் சீட்டில் ஏற்றுவானேன்?

இத்தகைய வழக்கு அமெரிக்க நாட்டில் வேறு முடிவு கண்டது. அந்நாட்டின் 1964-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வேலையில் பால் வேறுபாடு கூடாது என்று மட்டும் கூறுகிறது. மணத்தைப் பற்றிப் பேசவில்லை. யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனம், நாங்கள் பெண்களை ஒதுக்கவில்லையே, மணமானவர்களைத்தானே ஒதுக்குகிறோம் என்றது. மணமான ஆண்களுக்கு அத்தடை இல்லாதபோது அது பெண்களுக்கு எதிரான வேறுபாடே என்று 1971-இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. இவ்வாதம் நமக்குப் பின்னர் வேண்டியிருக்கும்.

இனி, வழக்கு என்பது தொழிலாளிக்கு என்ன பொருள்படுகிறது என்று எண்ணிப் பார்ப்போம். முத்தம்மா சட்டப்படி தோற்றவர். ஆனால் விதி மறைந்தது. பணிப்பெண்கள் பாதி வென்றவர்கள். வென்றவர்களுக்கும் வெற்றி காலத்தில் வருவதில்லை. இராணுவச் செவிலியர் பணியில் அதிகாரியாக இருந்த ஒரு பெண்மணி, மணம் செய்துகொண்ட காரணத்தால் 1988-இல் நீக்கப்பட்டார். அதற்கு இடந்தந்த 1977-ஆம் ஆண்டு ஆணை 1995-இல் கைவிடப்பட்டது. 2024 பிப்ரவரியில்தான் உச்சநீதிமன்றம் அந்த நீக்கம் தவறானது என்று உறுதி செய்து, அறுபது இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. முப்பத்தாறு ஆண்டுகள்! பணியில் சேர்ந்திருக்க வேண்டிய காலமெல்லாம் கழிந்து, ஓய்வுபெறும் வயதில் பணம் வந்தது. ஆயினும் அவ்வழக்குகள் எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. விதியை வகுத்தவர்கள் பொது மன்றத்தில் எழுந்து நின்று, அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லப்பட்டபின் அக்காரணங்களிற் பல நிற்கவில்லை. முத்தம்மா வழக்கில் அரசாங்கம் காரணம் சொல்லவே முன்வராமல் விதியைக் கைவிட்டது.

இதற்கு இன்றியமையாத ஒன்று, விதி எழுத்தில் இருத்தல். அன்னா ராஜத்தின் நியமன ஆணையில் அது எழுதப்பட்டிருந்தது. முத்தம்மாவின் கையொப்பத்தின் மேல் எழுதப்பட்டிருந்தது. ஆகையால் நீதிபதியிடம் காட்ட முடிந்தது. எழுதப்படாத விதியை எவ்வாறு காட்டுவது?

தியாகராய நகரின் துணிக்கடைகளிலும் பாத்திரக் கடைகளிலும் நாள் முழுதும் நின்று விற்பனை செய்யும் இளம்பெண்களை நினைத்துப் பாருங்கள். அவர்களிற் பலருக்கு நியமன ஆணை என்பதே கையில் இராது. மணமானபின் ஒரு பெண் வேலைக்கு வராமற்போனால், அவளாகவே நின்றுவிட்டாள் என்பர். நிறுத்தப்பட்டாளா என்று கேட்பாரில்லை. 14, 16-ஆம் பிரிவுகள் அரசாங்கத்தையும் அதன் உறுப்புகளையும் கட்டுப்படுத்துவன. ஏர் இந்தியா அன்று அரசாங்கத்தின் கழகமாக இருந்ததாலேயே அவ்வழக்கில் அவை பேச முடிந்தது. கடை முதலாளியை அவை நேரே தொடா. அங்கே தனிச் சட்டந்தான் செல்ல வேண்டும். சென்றதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டும் உண்டு: கடைகளிலும் நிறுவனங்களிலும் பணியாளர் அனைவருக்கும் உட்கார இருக்கை வைத்தே ஆக வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. எந்த நீதிமன்றமும் தராத நாற்காலியை அது தந்தது.

பெண்ணை வேலைக்கு எடுப்பதில் வேறுபாடு காட்டலாகாது என்ற சட்டம் தனியாரையும் தொடும். 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் அது. 1965-இல் பம்பாய்ப் பெண்களுக்கு இல்லாத கருவி அது. 2024 ஜூன் மாதத்தில், சென்னைக்கு அருகே திருப்பெரும்பூதூர்ப் பகுதியில் கைப்பேசி செய்யும் பெருந்தொழிற்சாலை ஒன்றில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்டது. மத்திய அரசு அச்சட்டத்தைச் சுட்டித் தமிழ்நாட்டு அரசிடம் அறிக்கை கேட்டது. தாங்கள் அவ்வாறு ஒதுக்குவதில்லை, மணமான பெண்களும் பணியில் இருக்கின்றனர் என்று நிறுவனத்தார் மறுத்தனர். எழுதப்பட்ட விதி ஒன்று இருந்திருந்தால் இந்தச் சொற்போருக்கு இடமே இராது.

அந்த 1976-ஆம் ஆண்டுச் சட்டம் பின்னர் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. தொகுப்பு 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தது. ஆள் சேர்ப்பதில் பால் வேறுபாடு கூடாது என்று அதன் மூன்றாம் பிரிவு கூறுகிறது. மணம் என்ற சொல் அப்பிரிவில் இல்லை. பழைய சட்டத்தின் அதே பொருள்பற்றிய பிரிவிலும் இருந்ததில்லை. நாங்கள் பெண்களை ஒதுக்கவில்லை, மணமானவர்களைத்தான் ஒதுக்குகிறோம் என்று நாளை ஒரு முதலாளி நம் நீதிமன்றத்தில் வாதிட்டால், 1971-இல் ஒரு விமான நிறுவனம் சொன்னதையே அவர் திருப்பிச் சொல்கிறார் என்று எடுத்துக்காட்ட ஒரு வழக்கறிஞர் வேண்டும். அதற்கு முன்பாக, வேலை மறுக்கப்பட்டதைத் தன் பெயரிட்டு எழுதித் தர ஒரு பெண் வேண்டும்.